ஏழரைக்கு வந்தவர்கள்

அப்பாவின் எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கத் தொடங்கியபோதுதான் அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அதுவரை அவர் அதை மறைத்தே வைத்திருந்தார். நாவற்குடாவில் எங்கள் வீட்டில் அவரும் நானும் மட்டும்தான். எனக்குப் பதினைந்து வயதானபோது அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார். அதோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் என் படிப்பும் நின்றது. அப்பா வாவிக்கரையில் இருந்த ஓர் அரிசி மில்லில் நீண்ட காலமாகக் கணக்கப்பிள்ளை. அவர் சம்பளத்தை விட்டால் எங்களுக்கு வேறு வரும்படி கிடையாது. வயலும் இல்லை, தென்னந்தோட்டமும் இல்லை. நான் இருபத்துமூன்று வயதாகியும் கலியாணமாகாமல் வீட்டில் இருந்தேன்.

ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருக்கிறது, இன்னும் பழுக்க வேண்டும், பழுத்த பிறகுதான் வெட்டலாம் என்றார். வரும் வழியில் அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"மில்லுக்குத் தெரியப்படாது, மகள். தெரிஞ்சா அடுத்த நாளே வேற ஆளப் போட்டுருவாங்க."

யுத்த காலம் அது. வெளியிலிருந்து அரிசிக் கப்பல் வருவது நின்றுபோயிருந்தது. வயல் வட்டைகளில் விளைந்த நெல்லெல்லாம் வண்டியிலும் வள்ளத்திலும் மில்லுக்கு வந்து மலையாகக் குவிந்தது. மில் இரவு பகல் பாராமல் ஓடியது. அந்த நேரத்தில்தான் புதிதாக ஒரு சட்டம் வந்தது. வேலை செய்கிற ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், நடுவில் எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தார் என்பதை ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். குறித்த நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அதற்குக் கூலி கூட்டிக் கொடுக்க வேண்டும். வாரக் கடைசியில் தொழிலாளி வந்து தன் பெயருக்கு நேரே கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். லேபர் இன்ஸ்பெக்டர் எந்த நாளிலும் வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்கலாம்.

முதலாளி பெரிய புத்தகமொன்று வாங்கி அப்பாவின் மேசையில் வைத்து, அதில் எழுத வேண்டியதையும் அவரே சொன்னார்.

"எல்லாரும் ஏழரைக்கு வந்தது. நாலரைக்குப் போனது. நடுவில ஒரு மணித்தியாலம் சாப்பாடு. அவ்வளவுதான் கணக்கப்பிள்ளை. இதுக்கு மேல ஒண்டும் யோசிக்கத் தேவல்ல."

அப்பாவால் அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் எழுத முடியவில்லை. சனிக்கிழமைகளில் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் அவருடைய எழுத்தைப் போலவே சாய்த்து எழுதுவேன். அவர் பக்கத்தில் இருந்து பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். நடுவாரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டால் வெறும் பக்கம் கிடக்குமே என்ற பயத்தில், வரப்போகும் வாரத்தையும் சேர்த்தே எழுதிவிடுவோம். திங்கட்கிழமை இன்னும் விடியாமலே அடுத்த சனிக்கிழமை வரைக்கும் எல்லாரும் ஏழரைக்கு வந்து நாலரைக்குப் போயிருப்பார்கள். அதில் தப்பு இருக்கிறதென்று நான் அப்போது நினைக்கவில்லை. தினமும் ஒரே நேரம்தானே, எப்போது எழுதினால் என்ன என்று இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கைநாட்டு வாங்கும் நேரத்துக்கு, அப்பாவுக்குச் சோறு கொண்டு போகும் சாட்டில் நானும் மில்லுக்குப் போவேன். பெண்கள் வரிசையாக வருவார்கள். நான் விரலைப் பிடித்து மையில் தொட்டு, சரியான இடத்தில் வைத்துவிடுவேன். பெரிய கிடாரங்களில் நெல் அவிக்கிற பெண்கள் பன்னிரண்டு பேர். எல்லாரும் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து தோணியில் வருகிறவர்கள். அவர்களின் பெருவிரல் நுனி வெந்து வெந்து வழுவழுப்பாகியிருந்தது. சிலருக்கு ரேகையே சரியாக விழாது.

அவர்களில் ஒருத்தி ஒருநாள் கைநாட்டு வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். முப்பது வயதிருக்கும். நெடிய உருவம். புருஷன் மலேரியாவில் செத்துப்போக, தாயையும் ஏழு வயது மகளையும் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ட பேருக்கு நேர என்ன எழுதியிரிக்கி கா?" என்று கேட்டாள்.

"ஏழரைக்கு வந்து நாலரைக்குப் போனதெண்டு."

அவள் சிரித்தாள். "ஏழரைக்கு நான் நாலு கிடாரம் இறக்கிக் களத்தில பரப்பிப்போட்டு நிப்பனே. இந்த ஏழரை ஆர்ர ஏழரை?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் நின்ற பெண்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டபோதுதான் அவர் உள்ளதைச் சொன்னார். நெல்லை விடியுமுன்பே அவித்துப் பரப்பினால்தான் அன்றைய வெயிலில் காயும். அதனால் அந்தப் பெண்கள் இருட்டிலேயே வந்துவிடுவார்கள். காய்ந்த நெல்லைக் கூட்டிச் சாக்கில் போட்டுவிட்டுப் போகும்போது பொழுது பட்டுவிடும். கிடாரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மணிக்கணக்கு இன்ஸ்பெக்டருக்காக மட்டும்.

"அப்ப நாம எழுதுறது பொய்தானே, அப்பா?"

"நாம எழுதல்ல. அவர் சொல்றார், எழுதுறம்," என்றார் அப்பா.

அடுத்த சனிக்கிழமையும் எழுதினேன்.

அதற்கடுத்த புதன்கிழமை அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். தலைவாசலில் தடுமாறினார். பிடித்துக் கதிரையில் இருத்தினேன். விடியப்புறம் நெல் அவிக்கிற கொட்டிலில் கிடாரம் சரிந்துவிட்டதாம். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டினால் அந்தப் பெரிய கொட்டிலுக்கு ஒரே ஒரு லாந்தர்தான். புகைக்குள் தரை தெரியாமல் ஈரத்தில் கால் வழுக்கியிருக்கிறது. கொதிக்கிற நெல்லும் தண்ணீரும் இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் கொட்டிவிட்டது. கொட்டுப்பட்டவள் அவள்தான், சிரித்தவள். சாக்கில் கிடத்தி, வண்டியில் ஏற்றி, டவுண் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அப்பா தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்:

"புத்தகத்தில அவ சனிக்கிழமை வரைக்கும் வேலை செஞ்சிருக்கா, மகள்."

ஆசுபத்திரியில் தோல் உரிந்து கிடக்கிறவள், என் எழுத்தில் வியாழனும் வெள்ளியும் ஏழரைக்கு வந்து நாலரைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் முதலாளி வில்லு வண்டியில் எங்கள் வீட்டுக்கே வந்தார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் வராதவர். கையில் வெறும் புத்தகம் ஒன்று, பழையதைப் போலவே. கதிரையில் இருந்து அப்பாவை உற்றுப் பார்த்தார்.

"கணக்கப்பிள்ளை, உங்கட கண் விசயம் எனக்குத் தெரியாதெண்டா நினைச்சீங்க? எழுத்து மாறினா எனக்கு விளங்காதா? வயசான மனிசன் எண்டு பேசாம இருந்தன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"புள்ள, பழைய புத்தகத்த அப்படியே பாத்து இதில எழுது. இந்தப் புதன்கிழமையிலிருந்து அவட பேருக்கு நேர ஒண்டும் வரப்படாது. நாளண்டைக்கு, சனிக்கிழமைக்குள்ள முடிக்கணும். இன்ஸ்பெக்டருக்குக் கதை போயிட்டு."

"அவ புதன்கிழமை வேலைக்குத்தானே வந்தவ?" என்றேன்.

"மில் தொடங்கிறது ஏழரைக்கு. உன்ட கையாலதானே எழுதியிரிக்காய்? இருட்டுக்க அவ அங்க என்னத்துக்கு வந்தா எண்டு எனக்கெப்படித் தெரியும்? தவிடு அள்ள வந்திருப்பா. நெல்லு அள்ள வந்திருப்பா."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சாமான் சொல்வது போலச் சொன்னார். எழுந்து போகும்போது அப்பாவின் தோளில் கை வைத்து, கண் வெட்டுவதற்குக் கொழும்புக்கே அனுப்பிவைக்கிறேன், எல்லாச் செலவும் என்னுடையது என்றார். அதுவரைக்கும் சம்பளம் வீட்டுக்கே வரும் என்றார்.

வண்டி போனது. நான் மைக்கூட்டைத் திறந்தேன். ஏன் திறந்தாய் என்று என்னை யாரும் கேட்கலாம். வீட்டில் இரண்டு கொத்து அரிசி இருந்தது. அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது அவ்வளவுதான். ஆசுபத்திரியில் கிடப்பவளை நினைக்காமலிருக்க வேகமாக எழுதினேன். வியாழன் முழுக்கவும் வெள்ளி முழுக்கவும் எழுதினேன். ஏழரை, நாலரை, ஏழரை, நாலரை. விரல் விறைத்துப்போனது.

சனிக்கிழமை புதுப் புத்தகத்தைக் கொண்டுபோனோம். பெண்கள் பழைய வாரங்கள் எல்லாவற்றுக்கும் திரும்பவும் கைநாட்டு வைத்தார்கள். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு பார்த்தால், பக்கத்துக்குப் பக்கம் அவளுடைய பெயருக்கு நேரே மட்டும் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. முதலாளி மேசைக்குக் கிட்ட வந்தார்.

"நீ வை, புள்ள. விரல் எல்லாம் ஒண்டுதான்."

அப்பா, "ஐயா, வேணாம்," என்றார். அது ஒன்றுதான் அவர் அன்று சொன்னது. முதலாளி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் என் பெருவிரலை மையில் தொட்டு அவளுடைய கட்டங்களில் வைத்தேன். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒன்று. பழைய புத்தகத்தை முதலாளி தன் கையாலேயே உமி அடுப்புக்குள் போட்டார். வீட்டுக்கு வந்து சாம்பலால் தேய்த்தேன். மை போகவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமைக் கோயில் முடிந்ததும் என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. கால் ஆசுபத்திரிப் பக்கம் போனது. பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். காலில் துணி படாமல் மூங்கில் வளைத்து மேலே போர்த்திருந்தார்கள். ஏதோ ஊதா மருந்து பூசியிருந்தது. அந்த மணம் வாசலுக்கே வந்தது. கட்டிலுக்குக் கீழே அவளுடைய தாய் சுருண்டு படுத்திருந்தாள்.

"கணக்கப்பிள்ளையர மகளா? வா கா," என்றாள் கட்டிலில் கிடந்தவள். குரல் நன்றாகத்தான் இருந்தது. "தோணிக்காரன் வந்து சொன்னான். மில்லில என்னக் கள்ளி எண்டு கதைக்கிறாங்களாம். நெல்லு அள்ள வந்தனாம்."

நான் கட்டிலுக்குக் கிட்டப் போனேன்.

"நான் காசு கேக்கல்ல கா. தந்தா தரட்டும், தராட்டி போகட்டும். என்ட புள்ளைக்குக் கள்ளிர மகள் எண்டு பேர் வரப்படாது. ஊரில அது பிறகு போகாது." கையை நீட்டி என் சேலையைப் பிடித்தாள். "புத்தகத்தில நான் வேலைக்கு வந்த எண்டு இரிக்கிதானே? கிழமைக்குக் கிழமை கைநாட்டு வச்சனே. நீதானே விரலப் பிடிச்ச?"

"ஓம்," என்றேன். "இரிக்கி."

என் பெருவிரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து விசாரணை அப்பா கணக்கெழுதும் மில் கந்தோரிலேயே நடந்தது. இன்ஸ்பெக்டர் மெலிந்த இளவயதுக்காரர். யாழ்ப்பாணப் பக்கத்துப் பேச்சு. அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதால் நானும் சுவரோரம் நின்றேன். நெல் அவிக்கிற பெண்கள் வெளி விறாந்தையில் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு இன்ஸ்பெக்டர் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"எத்தினை மணிக்கு வேலைக்கு வாறனீங்கள்?"

"ஏழரைக்கு, ஐயா."

அடுத்தவளும் ஏழரை. அதற்கடுத்தவளும் ஏழரை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த மில்லை விட்டால் அந்தப் பஞ்சத்தில் அவர்களுக்கு வேறு அடுப்பு எரியாது. எஞ்சின்காரரும் வந்தார். நெருப்பு மூட்டத்தான் விடிய வெள்ளண வந்ததாகவும், அவள் எந்தப் பக்கத்தால் உள்ளே வந்தாள் என்று தெரியாதென்றும் சொன்னார். சொல்லும்போது தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் புரட்டினார். பின்னிருந்து முன்னுக்கும் புரட்டினார்.

"ஆறு மாதத்துப் புத்தகம் எண்டு சொல்லுறியள். அரிசி மில்லில கிடந்த புத்தகம். ஒரு பக்கத்திலையும் ஒரு தவிட்டுத் தூசி இல்லையே. ஆர் எழுதினது?"

"நான்தான்," என்றார் அப்பா. உடனே சொன்னார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

இன்ஸ்பெக்டர் ஒரு புத்தகத்தை எடுத்து விரித்து அவர் கையில் கொடுத்தார். "கடைசிப் புதன்கிழமையை ஒருக்கா வாசியுங்கோ."

அப்பா புத்தகத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஏழரை, நாலரை, ஏழரை, நாலரை என்று தெளிவாக வாசித்தார். அவளுடைய பெயர் வந்த இடத்தில், வரவில்லை என்றார். ஒரு தடுமாற்றமும் இல்லை. ஆனால் அவர் கையில் இருந்தது நெல்லு வரவுப் புத்தகம். வண்டி இலக்கமும் மூட்டைக் கணக்கும் மட்டும் இருந்த புத்தகம்.

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வாசித்து முடித்துவிட்டு, சரியாக வாசித்தேனா என்பது போல முகத்தை நிமிர்த்தி ஆளில்லாத பக்கமாகப் பார்த்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை. உண்மைக்காகத்தான் வாய் திறந்தேன் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். அப்படியில்லை. அப்பா அந்த இடத்தில் அப்படி நிற்பதைப் பார்க்க முடியாமல்தான் திறந்தேன்.

"அப்பாவுக்குக் கண் தெரியா, ஐயா. எழுதினது நான்."

"நேரத்தைப் பாத்தே எழுதினனீர்?"

"இல்ல. நான் ஒரு நாளும் பாக்கல்ல. நாள் வர முன்னமே எழுதி வச்சன். இது ரெண்டாவது புத்தகம். முதல் புத்தகத்த எரிச்சாச்சு."

முதலாளி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "தாயில்லாத புள்ள, ஐயா. கொஞ்சம் மூளைக் குழப்பம். ஊருக்கே தெரியும்."

நான் மேசைக்குப் போனேன். மையில் பெருவிரலைத் தொட்டு இன்ஸ்பெக்டரின் தாளில் அழுத்தினேன். சின்ன வயதில் திருவலையில் தேங்காய் திருவும்போது வெட்டுப்பட்ட தழும்பு என் பெருவிரலில் குறுக்கே ஓடுகிறது. அவர் தாளைப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். அவளுடைய பெயருக்கு நேரே ஒவ்வொரு வாரமும் அந்த வெட்டு இருந்தது.

"நீர் செய்தது குற்றம், தங்கச்சி. விளங்குதோ?"

"விளங்குது."

அவர் எழும்பி விறாந்தைக்குப் போய்ப் பெண்களிடம் திரும்பவும் கேட்டார். "இப்ப சொல்லுங்கோ. எத்தினை மணிக்கு வாறனீங்கள்?"

அவர்களில் மூத்தவள் யாரையும் பார்க்காமல், "நாலு மணி போல, ஐயா," என்றாள். மற்றவர்கள் அவளிடமிருந்து சற்றே விலகி இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் காலை நான்கு மணி என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் ஆசுபத்திரிக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எரித்ததையும் சொன்னேன், என் விரலையும் காட்டினேன். அவளுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மறுகா எத்தின மணி எண்டு போட்டாங்க?"

"நாலு மணி."

"நாலில்ல கா." கண்ணைத் திறந்தாள். "மூண்டரை. கந்தோர் வெளிச்சத்தில மணிக்கூட்டப் பாத்திட்டுத்தான் கொட்டிலுக்குப் போன. பெரிய முள்ளு நேர கீழ நிண்டது. எனக்கு எழுத்துத் தெரியா, முள்ளுத் தெரியும்."

"சரி. நான் போய்ச் சொல்றன்."

"சொல்லு. சரியாப் போடச் சொல்லு."

நான் அங்கிருந்தே அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்கு நடந்தேன். இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்தார். வெயிலில் நின்று காத்திருந்தேன். அவர் வந்து கேட்டுவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

"அறிக்கை காலமை தபாலில போட்டுது. நாலு எண்டாலும் மூண்டரை எண்டாலும் வழக்கு ஒண்டுதான், தங்கச்சி. அவ வேலைக்கு வந்தவ எண்டது நிரூபிச்சாச்சு. அரை மணித்தியாலத்தால ஒண்டும் மாறாது."

"அவ சரியாப் போடச் சொன்னவ."

"கேட்டனான். நீர் வீட்டை போம்."

அவர் கெட்டவர் இல்லை. என்னையும் அப்பாவையும் வழக்கில் இழுக்காமல் விட்டவர் அவர்தான். ஆனால் அந்த அரை மணி நேரம் எங்கேயும் எழுதப்படவில்லை. அதை அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு முகமில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் போனபோது கட்டிலில் வேறு யாரோ கிடந்தார்கள். புண் அழுகி, காய்ச்சல் தலைக்கேறி, முதல்நாள் விடிய அவள் முடிந்துவிட்டாள். தாய் தோணியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டாள் என்று தாதி சொன்னாள்.

முதலாளி மில்லைப் பூட்டி, கணக்குச் சரிபார்க்கிறோம் என்று அறிவித்தல் ஒட்டினார். பத்துப் பதினைந்து நாள் அது திறக்கவில்லை. பெண்களுக்கு வேலையில்லை. நான் படுவான்கரைக்குப் போய் அவளுடைய தாயைப் பார்க்க வேண்டுமென்று தோணித்துறைக்குப் போனேன். அங்கே இரண்டு பெண்கள் மரவள்ளிக் கிழங்குக் கடகத்தோடு நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவள் திருப்பவில்லை.

"புத்தகத்தில எங்கள ஏழரைக்கு வரவச்சதும் நீதான். நாலு மணிக்கு வரவச்சதும் நீதான்," என்றாள். "நாங்க எத்தின மணிக்கு வாறமெண்டு எங்களிட்ட ஒருநாளாவது கேட்டயா கா? இப்ப எங்கட அடுப்புத்தான் அணைஞ்சி போச்சு."

நான் தோணியில் ஏறவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

முதலாளிக்குத் தண்டம் விதித்தார்கள். கட்டிவிட்டு மில்லைத் திறந்தார். அந்தப் பெண்கள் திரும்பவும் வேலைக்குப் போனார்கள், நாலு மணி என்று சொன்ன மூத்தவளைத் தவிர. அவளை மட்டும் எடுக்கவில்லை. புதிதாக ஒரு கணக்கப்பிள்ளை வந்தார். இப்போது ஆறு மணி என்று எழுதுகிறார்களாம், ஐந்துக்கு வருகிறார்களாம் என்று கேள்விப்பட்டேன்.

பல மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவளுடைய தாய் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். பேத்தியையும் கூட்டி வந்திருந்தாள். மடியிலிருந்து, கச்சேரியிலிருந்து வந்த கடிதத்தை எடுத்துத் தந்தாள். நட்டஈடு கொடுக்கத் தீர்ப்பாகியிருந்தது. வாசித்துச் சொன்னேன். எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

"என்ட மகளக் கள்ளி எண்டு எங்கயும் போட்டிரிக்கா, புள்ள?"

"இல்ல, அம்மா. வேலை செய்யக்க நடந்த விபத்து எண்டு போட்டிரிக்கி."

"இன்னொருக்கா வாசி."

இன்னொரு தரம் வாசித்தேன். அவள் கடிதத்தைப் பழையபடி மடித்து மடியில் வைத்தாள். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். குடிக்கவில்லை. பிள்ளைக்கு மட்டும் கொடுத்தேன். பிள்ளை குடித்து முடிக்கும் வரை தாய்க்கிழவி வாசலிலேயே நின்றாள். பிறகு இருவரும் போனார்கள்.

கொழும்புக்கு யாரும் அப்பாவை அனுப்பவில்லை. கண் நன்றாகப் பழுத்த பிறகு டவுண் ஆசுபத்திரியிலேயே ஒரு கண்ணை வெட்டினார்கள். தடித்த கண்ணாடி போட்டால் ஆள் தெரியும், எழுத்துத் தெரியாது. நான் மிஷன் அம்மாமாருக்குச் சட்டை தைத்துக் கொடுத்துப் பிழைத்தேன். ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று கூலி. நேரக் கணக்கு இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் நான் மெசினில் இருக்கும்போது, எந்தப் பேச்சும் இல்லாமல் அப்பா திடீரென்று சொன்னார்:

"நீ சொல்லாட்டி, அண்டைக்கு நானே சொல்லியிருப்பன், மகள்."

நான் மெசினை நிறுத்தினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அவர் கண் பெரிதாகத் தெரிந்தது. சொல்லியிருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. மையில் விரலைத் தொட்டவளுக்கு அதைக் கேட்க என்ன உரிமை இருக்கிறது?

"ஓம், அப்பா," என்றேன். கைப்பட்டி இரண்டும் இன்னும் வைத்து முடிக்கவில்லை. சட்டையை அன்று பின்னேரமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.